பத்தொன்பது ஜோடி ஸ்கேட்

டன்மோர் லேக்கில் யாரைப் பார்த்தாலும் வெர்னா ஹ்ரிஷ்கோவின் பார்வை முதலில் காலுக்குத்தான் போகும். முகம் அப்புறம். முப்பத்திரண்டு வருடமாக ஊர்ப் பனிச்சறுக்கு அரங்கில் இரவல் ஸ்கேட் கொடுக்கும் அறையில் நின்றவளுக்கு வேறு எப்படிப் பார்க்க வரும்? வங்கி மேலாளர் எட்டரை அளவு. பாதிரியார் பதினொன்று, இடது பாதத்தில் ஆணி. தபால் அலுவலகப் பெண்ணுக்குச் சின்ன வயதில் இரண்டு காலுறை போட்டால்தான் ஸ்கேட் நிற்கும். ஊரின் விளையாட்டு இயக்குநர் டேரில் மெக்ரேடி பதிமூன்று வயதில் அவளிடம் வந்தபோது ஐந்து. வலது கால் இடதைவிடக் கொஞ்சம் பெரிது. அந்த வலது காலுக்காக ஒவ்வொரு சனிக்கிழமையும் ஸ்கேட்டின் தோலை இழுத்து நெகிழ்த்திக் கொடுத்தவள் அவள்தான். பின்னாளில் அதை நினைக்கும்போதெல்லாம் தன் கையையே கடித்துக்கொள்ளலாம் போல இருக்கும் அவளுக்கு.

காகித ஆலை மூடிய வருடம்தான் அவள் அந்த அறைக்கு வந்தாள். புருஷன் வடக்கே சுரங்க வேலைக்குப் போனான், ஆறு வருடத்தில் மாரடைப்பில் போய்ச் சேர்ந்தான். மகன் வாரனை அந்த அறையின் ஹீட்டர் பக்கத்தில் உட்கார வைத்தே வளர்த்தாள். அறையில் சுவர் முழுக்க ஆணிகள். ஒவ்வோர் ஆணிக்கும் ஒரு எண், ஒரு ஜோடி. பிள்ளைகள் வந்து வாங்கிப் போகும், ஈரத்தோடு திருப்பித் தரும். துடைத்து மாட்டிவிட்டு நோட்டில் எழுதுவாள்: தேதி, அன்றைய குளிர், யார், எந்த ஆணி. குளிரை எழுதச் சொல்லி யாரும் கேட்டதில்லை. அந்த ஊரில் மளிகைச் சீட்டின் மூலையில்கூடக் குளிரை எழுதி வைப்பார்கள், அப்படி ஒரு பழக்கம். ஒரு பிள்ளைக்குக் கால் வளர்ந்து சின்ன ஜோடியைக் கொடுத்துவிட்டு அடுத்த அளவுக்குப் போனால் பெயருக்குப் பக்கத்தில் ஒரு வட்டம் போடுவாள்.

வியாழக்கிழமை ஐந்து மணியிலிருந்து ஆறு வரை பெண் பிள்ளைகளுக்கென்று ஒரு மணி நேரம் அரங்கின் ஐஸ் தளத்தைக் கேட்டு வாங்கி வைத்திருந்தாள் வெர்னா. சம்பளம் கிடையாது. தானே சொல்லிக் கொடுத்தாள், விழுந்த பிள்ளையைத் தானே தூக்கினாள். டொரொண்டோவிலிருக்கும் ஒரு அறக்கட்டளை, சின்ன ஊர்களில் விளையாட்டு வளர்க்க மூன்று வருட நிதியுதவி தருவதாக அறிவித்தது அப்போதுதான். ஊருக்கு ஒரே ஒரு விண்ணப்பம். நகர சபை தேர்ந்தெடுத்து அனுப்ப வேண்டும். வெர்னாவின் வியாழக்கிழமை ஒரு பக்கம், டேரிலின் ‘எல்லோரும் பனிமேல்’ என்ற புதுத் திட்டம் இன்னொரு பக்கம்.

சபைக் கூட்டத்துக்கு நீலக் கோட்டைப் போட்டுக்கொண்டு போனாள். இரண்டு தாள் எழுதி வைத்திருந்தாள். வாழ்நாளில் மேடை ஏறியவள் இல்லை. முதல் தாளிலிருந்த எண்ணைப் படித்தாள்.

"கொஞ்சம் சத்தமா, வெர்னா," என்றான் டேரில். "கடைசி வரிசைக்குக் கேக்கல."

"பத்தொம்பது பேர்."

"பத்தொம்பது," என்று அவன் சபையைப் பார்த்துத் திரும்பினான். "நாலாயிரம் பேர் இருக்கற ஊர்ல. நம்ம டோனட் கடை வரிசையே அதைவிட நீளம்ப்பா."

சபை சிரித்தது. வாரனும் சிரித்தான், அம்மா பார்க்கிறாள் என்று தெரிந்ததும் குனிந்து பூட்ஸ் கயிற்றைக் கட்டினான். இரண்டாவது தாளில் இருந்தது இதுதான்: அந்தப் பத்தொன்பது பேரும் குளிர்காலம் முழுக்க இருபத்து நாலு வாரமும் வந்தவர்கள், அதில் பதினாலு பேருக்கு வட்டம். அந்தத் தாளை அவள் திருப்பவே இல்லை. மடித்துக் கோட்டுப் பையில் வைத்துக்கொண்டு வெளியே நடந்தாள்.

டேரில் இரண்டாயிரம் பேர் வருவார்கள் என்று எழுதி நிதியை வாங்கினான். அந்த இலையுதிர்காலத்திலேயே வியாழக்கிழமை ஐந்து மணி அவன் திட்டத்துக்குப் போயிற்று. பெண் பிள்ளைகளின் பத்தொன்பது ஜோடியும் ஆணியில் தொங்கித் தூசி படிந்தன. வெர்னா அவற்றை வேறு யாருக்கும் இரவல் கொடுக்கவில்லை. தினமும் கதவைத் திறந்ததும் முதலில் அந்தச் சுவரைத்தான் பார்ப்பாள். ஆறிப்போகாமல் இருக்க ஒரு புண்ணைத் தினமும் கிள்ளிவிடுவதுபோல.

டேரிலின் திட்டம் எப்படி நடந்தது என்றால், நாலு மணிக்கு விளையாட்டு தெரியாத பிள்ளைகளுக்கு இலவச ஸ்கேட்டிங். ஐந்து மணியிலிருந்து மூடும் வரை டேரிலின் ஹாக்கி அணியும் மற்ற மூன்று அணிகளும். எல்லாம் நாற்பது வயது ஆண்கள். ஒரு ஆட்டம், ஒரு பீர், இன்னொரு ஆட்டம். வாரனும் அதில் உண்டு. ஐஸ் வாடகை அறக்கட்டளை தலையில்.

முதல் வருட நிதியில் வாசல் நிலையில் ஒரு எண்ணும் பெட்டியை மாட்டினான் டேரில். யார் கடந்தாலும் சிவப்பு எண் ஒன்று ஏறும். உள்ளே வருவதும் வெளியே போவதும் சேரும் என்பதால் இரண்டால் வகுத்துக்கொள்வான். "அறிவியல்," என்பான். மாதா மாதம் ஒரு வரைபடம் போட்டு முகப்பில் ஒட்டுவான். கோடு மலைபோல ஏறி இறங்கும். வெர்னாவின் அறை ஜன்னலுக்கு நேர் எதிரே ஒட்டினான், வேண்டுமென்றேதான்.

இரண்டு குளிர்காலம் அந்த மலையைப் பார்த்துக்கொண்டே ஸ்கேட் துடைத்தாள். பொய் என்று தெரியும். எந்த இடத்தில் பொய் என்று தெரியவில்லை. அதைச் சொல்லிக் கொடுத்தது கேன்டீன் நடத்தும் லோயிஸின் வாய்தான்.

இரண்டாவது குளிர்காலம், ஜனவரி கடைசி வியாழக்கிழமை, மைனஸ் முப்பத்தொன்பது. பள்ளிப் பேருந்து ஓடவில்லை. நாலு பிள்ளைகள்தான் வந்தன. லோயிஸ் ஃபிரைஸ் மேல் கிரேவி ஊற்றிக்கொண்டே சொன்னாள்: "அந்தப் பெட்டி என்னைய மட்டும் இன்னைக்குப் பதினாலு தடவை எண்ணியிருக்கும்டி. குப்பை போடப் போனா ஒண்ணு, வந்தா ஒண்ணு. வண்டியை ஓட விடப் போனா ஒண்ணு, வந்தா ஒண்ணு. நான் ஒருத்தி இல்லேன்னா இந்த ஊர்ல விளையாட்டே கிடையாது."

வெர்னா சிரிக்கவில்லை. துடைத்துக்கொண்டிருந்த ஸ்கேட்டைக் கீழே வைத்தாள்.

அடுத்த வாரம் ஒட்டிய வரைபடத்தில் அந்த நாளுக்கு இருநூற்றுப் பன்னிரண்டு என்று இருந்தது. அவள் நோட்டில் நாலு. பழைய வரைபடங்களையெல்லாம் குப்பைக் காகிதத்திலிருந்து எடுத்து நோட்டோடு வைத்துப் பார்த்தாள். மைனஸ் எட்டு என்றால் தொண்ணூறு. மைனஸ் இருபது என்றால் நூற்று நாற்பது. மைனஸ் முப்பத்தைந்துக்குக் கீழே போனால் இருநூறு. ஒரு தடவைகூட மாறவில்லை. குளிர் ஏற ஏற ஆண்கள் அரை மணிக்கு ஒரு தடவை வெளியே ஓடி டிரக்கை உறையாமல் ஓட விட்டுவிட்டு வருவார்கள். போகும்போது ஒன்று, வரும்போது ஒன்று. வண்டி நிறுத்துமிடத்தில் எஞ்சினைச் சூடாக வைக்கப் பன்னிரண்டு மின்கம்பங்கள் உண்டு, அதில் மூன்றுதான் வேலை செய்தன. பழுது பார்க்க வேண்டியவன் டேரில். அவன் சோம்பேறித்தனம் அவன் கூட்டத்தைப் பெருக்கிக்கொண்டிருந்தது. அவனுக்கே அது தெரியாது என்பதுதான் வெர்னாவுக்குத் தித்தித்தது. தெரிந்து செய்திருந்தால் மறைக்கவும் தெரிந்திருக்கும்.

யாரிடமும் மூச்சு விடவில்லை. அடுத்த இலையுதிர்காலம் வரை வயிற்றுக்குள் வைத்திருந்தாள். மூன்றாவது வருடம் முடிவதற்குள் நிதியைத் தொடரலாமா என்று பார்க்க ஒரு மதிப்பீட்டாளர் வருவதாகக் கடிதம் வந்தது. கூடவே எல்லா ஊழியர்களுக்கும் ஒரு படிவம். அதில் ஒரு கேள்வி, திட்டம் மிகச் சிறப்பாக நடப்பதைப் பார்க்க எந்த நாளில் வரலாம் என்று. டேரில் மார்ச் என்று எழுதியிருந்தான், குளிர் இளகும், பிள்ளைகளை எங்கிருந்தாவது திரட்டலாம் என்று. வெர்னா இப்படி எழுதினாள்: ‘இயக்குநரின் வரைபடப்படி ஒவ்வொரு வருடமும் ஜனவரி கடைசி வியாழக்கிழமைதான் கூட்டம் உச்சம். அன்று வாருங்கள்.’ வரைபடத்தின் புகைப்படத்தையும் சேர்த்து அனுப்பினாள். ஒரு சொல்கூடப் பொய் இல்லை.

அறக்கட்டளை அவள் சொன்ன நாளையே குறித்துப் பதில் போட்டது. ஜனவரி வந்தது. குளிர் எப்போது இளகும் என்று ஊரே வானத்தைப் பார்த்திருக்க, வெர்னா மட்டும் ஞாயிற்றுக்கிழமை தேவாலயத்தில் மெழுகுவத்தி ஏற்றிக் குளிர் வேண்டுமென்று கும்பிட்டாள். வெட்கமாகத்தான் இருந்தது. இரண்டாவது வாரமும் ஏற்றினாள்.

அந்தக் கடைசி வியாழக்கிழமை மைனஸ் முப்பத்தேழு வந்தது.

மதிப்பீட்டாளரின் பெயர் ஜோசலின் பெரூபே. ஆறரை, நகரத்து மெல்லிய தோல் பூட்ஸ். வாசலிலிருந்து முகப்புக்கு வருவதற்குள் விரல் மரத்துவிட்டது. டேரில் மாடியில் தன் அலுவலகத்துக்குக் கூப்பிட்டான்.

"காபி போட்டு வச்சிருக்கேன், வாங்க. மேல இருந்து பார்த்தா ஐஸ் முழுக்கத் தெரியும்."

"மேல ஹீட்டர் போன வாரமே போச்சேப்பா," என்றாள் வெர்னா ஜன்னலிலிருந்து. "இங்க வாங்கம்மா. கால நீட்டுங்க, கம்பளி பூட்ஸ் தரேன்."

ஜோசலினை அவள் உட்கார வைத்த முக்காலியிலிருந்து ஐஸ் அரைகுறையாகத்தான் தெரியும். வாசல் நன்றாகத் தெரியும். வாசலுக்கு மேல் சிவப்பு எண் இன்னும் நன்றாகத் தெரியும்.

பேருந்து ஓடாததால் ஏழு பிள்ளைகள் வந்தன. டேரில் மாடிக்கும் கீழுக்குமாக ஓடி யார் யாருக்கோ போன் போட்டுக்கொண்டிருந்தான். ஐந்து மணிக்கு ஏழு பிள்ளைகளும் ஸ்கேட்டைத் திருப்பித் தந்துவிட்டுப் போயின. ஆண்கள் இறங்கினார்கள். எண் ஏறிக்கொண்டே இருந்தது. ஜோசலின் முதலில் கவனிக்கவில்லை. அப்புறம் அவள் கண் வாசலுக்குப் போவதும் வருவதுமாக இருந்தது. வெர்னா ஸ்கேட் பிளேடு தீட்டிக்கொண்டிருந்தாள்.

"அந்தச் சிவப்புத் தொப்பிக்காரர் யாருங்க?"

"என் பையன், வாரன்."

"இவ்வளவு அவசரமா எங்க போறாரு?"

"டிரக்கை ஓட விட. கொஞ்ச நேரம் ஓட விட்டுட்டு வருவான். அரை மணி கழிச்சு மறுபடி போவான்."

"இதுவரைக்கும் எத்தனை தடவை வந்திருப்பாரு?"

"அவன் வந்தது ஒரு தடவைதான்மா," என்றாள் வெர்னா. "பெட்டிக்கு எட்டு."

ஜோசலின் பேனாவை மூடினாள். மெல்ல எழுந்துபோய் வரைபடத்தின் முன் நின்றாள். வெர்னா அவள் பின்னாலேயே போய் நோட்டை நீட்டினாள், குளிர் எழுதிய பக்கம் திறந்திருக்க. ஜோசலின் விரலால் ஒவ்வொரு தேதியாகத் தொட்டுக்கொண்டே வந்தாள்.

"குளிர் ஏறினா கூட்டம் ஏறுது."

"ஆமா. எங்க ஊர்ப் பிள்ளைங்களுக்குக் குளிர்னா அவ்வளவு ஆசை."

"இந்த வட்டம் என்ன?"

"கால் வளர்ந்து ஸ்கேட் மாத்தினது. சின்ன ஜோடியில வந்த பிள்ளை பெரிய ஜோடி கேக்கற வரைக்கும் வந்தா, அது வந்த பிள்ளை. ஒரு நாள் வந்து ஃபிரைஸ் தின்னுட்டுப் போனா, அது லோயிஸுக்கு வியாபாரம்."

ஜோசலின் சிரித்தாள். பிறகு, பல ஊர் பார்த்தவள் போல, "நாங்க இதைக் கேக்கறதே இல்ல," என்றாள். "எத்தனை பேர்னு மட்டும்தான் கேக்கறோம்." மூன்று வருட நோட்டையும் பக்கம் பக்கமாகப் படமெடுத்துக்கொண்டாள். மூன்று வருடத்தில் டேரிலின் திட்டத்தில் வட்டம் வாங்கிய பிள்ளைகள் பதினொன்று.

டேரில் அடுத்த நாள் காலையில் அறைக்குள் வந்து கதவைச் சாத்தினான்.

"நீங்க என்ன பண்ணிருக்கீங்கன்னு தெரியுதா? பிள்ளைங்களுக்கு வர்ற நிதிங்க அது. பிள்ளைங்க வயித்துல அடிக்கறீங்க."

"பிள்ளைங்களா? அஞ்சு மணிக்கு மேல ஐஸ்ல நிக்கறதெல்லாம் பிள்ளைங்களாடா? உன் டீம்ல பல்லு விழுந்தவன் நிறைய பேர் உண்டு, ஒத்துக்கறேன். அதுல எவனுக்கு முளைக்கப் போகுது?"

"எனக்கு நெஜமாவே தெரியாது, வெர்னா. டிரக்கை நான் யோசிக்கல."

"தெரியாதுன்னு எனக்குத் தெரியும். பத்தொம்பதுன்னு நான் சொன்னப்ப, அந்தப் பத்தொம்பதும் யாருன்னு உனக்குத் தெரியாது. கேக்கவும் இல்ல. அப்ப சிரிக்க மட்டும் தெரிஞ்சுது."

அவன் கதவுப் பிடியில் கை வைத்தான். "போய் முதல்ல அந்தக் கம்பத்தையெல்லாம் சரி பண்ணு, போ," என்றாள்.

வாரன் அந்த ஞாயிற்றுக்கிழமை வந்தான். பெரோகி கொழுக்கட்டைத் தட்டை நகர்த்தி வைத்துவிட்டுப் பேசினான்.

"அம்மா, அது எங்க ஐஸ். வேலை முடிஞ்சு வந்தா எங்களுக்கு இருக்கறது அது ஒண்ணுதான். அந்தம்மாவுக்கு ஒரு கடிதம் போட்டு, ஏதோ தப்பாப் புரிஞ்சுக்கிட்டாங்கன்னு சொல்லிடு."

"நீ அன்னைக்குச் சிரிச்சடா."

"மூணு வருஷம் ஆச்சும்மா."

"ஆமா. மூணு வருஷம் நான் சுவத்தைப் பார்த்தேன். நீ ஐஸ்ல ஹாக்கி ஆடின."

அவன் எழுந்து போனான். அடுத்த ஞாயிறு வரவில்லை. அதற்கடுத்ததும் வரவில்லை. அவள் இருவருக்கும் சேர்த்தே செய்து மிச்சத்தை லோயிஸுக்குக் கொடுத்தனுப்பினாள். கடிதம் மட்டும் எழுதவில்லை.

டொரொண்டோவிலிருந்து ஜோசலின் போன் செய்தாள். திட்டத்தை நிறுத்தி, நிதியை நாலு மணிப் பிள்ளைகளுக்கும் வியாழக்கிழமைப் பெண் பிள்ளைகளுக்கும் மாற்றித் தருவதாக அறக்கட்டளை முடிவெடுத்திருந்தது. திருத்திய அறிக்கையை நகர சபைக்கு அனுப்ப வேண்டும். "உங்களுக்கு வேற ஏதாவது வேணுமாங்க?" என்று கேட்டாள். சும்மா ஒரு மரியாதைக்குத்தான் கேட்டாள்.

"ஒண்ணே ஒண்ணு," என்றாள் வெர்னா. "அந்த எண்ணை அவன் வாயால படிக்கணும். அதே சபையில."

ஏப்ரலில் கூட்டம். தெருவில் பனி கரைந்து சேறாகக் கிடந்தது. வெர்னா நீலக் கோட்டைப் போட்டுக்கொண்டு போய்க் கடைசி வரிசையில், கதவை ஒட்டி, வேண்டுமென்றே அங்கே உட்கார்ந்தாள். பக்கத்தில் லோயிஸ். முன்னால் ஹாக்கிக்காரர்கள் இரண்டு வரிசை, வாரன் ஓரத்தில். ஒருவரும் திரும்பிப் பார்க்கவில்லை.

டேரில் எழுந்து படித்தான். மூன்று வருடத்தில் இதுவரை சொல்லப்பட்ட வருகை எண்ணிக்கை அறுபத்து நாலாயிரம். திருத்தப்பட்ட முறையில், தொடர்ந்து வந்து பயனடைந்த பிள்ளைகள்... கடைசிச் சொல்லைத் தாளுக்குள் சொன்னான்.

"கொஞ்சம் சத்தமா, டேரில்," என்றாள் வெர்னா. "கடைசி வரிசைக்குக் கேக்கல."

மேயர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

"பதினொண்ணு," என்றான் டேரில்.

லோயிஸ் மட்டும் சிரித்தாள். மற்றவர்கள் சிரிப்பார்கள் என்று மூன்று வருடமாக வெர்னா நினைத்துக்கொண்டிருந்தாள். சிரிக்கவில்லை என்பது அவளுக்குக் கொஞ்சம் ஏமாற்றம்தான். ஆனால் டேரிலின் காது மடல் சிவந்ததைக் கடைசி வரிசையிலிருந்தே பார்த்தாள், அது போதுமாக இருந்தது. எழுந்து, கோட்டுப் பையில் மடிந்து மடிந்து கிழியும் நிலையில் இருந்த இரண்டாவது தாளை எடுத்து, மூன்று வருடத்துக்கு முன் படிக்காமல் விட்டதைப் படித்தாள். பத்தொன்பது பேர், இருபத்து நாலு வாரம், பதினாலு வட்டம். ஒவ்வொருவரின் பெயரையும் சொன்னாள். யாரும் அவளைச் சத்தமாகப் படிக்கச் சொல்ல வேண்டியிருக்கவில்லை.

அடுத்த நவம்பரில் வியாழக்கிழமை ஐந்து மணி திரும்ப வந்தது. முதல் நாள் பன்னிரண்டு பெண் பிள்ளைகள். பழைய பத்தொன்பதில் மூன்று பேர்தான் வந்தார்கள், அவர்களுக்கும் பழைய ஜோடி எதுவும் காலுக்குள் நுழையவில்லை. மற்ற பதினாறு பேரும் வளர்ந்து எங்கெங்கோ போய்விட்டிருந்தார்கள். ஒருத்தி பெட்ரோல் நிலையத்தில் நிற்கிறாள், வெர்னாவைப் பார்த்தால் சிகரெட்டை முதுகுக்குப் பின்னால் மறைக்கிறாள். வெர்னா நோட்டின் கடைசிப் பக்கத்தில் அந்தப் பதினாறு பெயரையும் எழுதி, மேலே டேரில் என்று தலைப்பிட்டாள். கூட்டம் முடிந்தது என்பதற்காக இந்தக் கணக்கு முடிந்துவிடவில்லை.

வாரன் டிசம்பரில் ஒரு ஞாயிறு வந்து, பேசாமல் சாப்பிட்டுவிட்டுப் போனான். கம்பங்கள் பன்னிரண்டும் இப்போது வேலை செய்கின்றன. எண்ணும் பெட்டியை வாசலிலிருந்து கழற்றி வெர்னா தன் சுவரில் மாட்டிவிட்டாள், எண்ணில்லாத ஒரு ஆணியில்.

டேரில் வேலையில்தான் இருக்கிறான். சின்ன ஊர், அவனை விட்டால் ஆளில்லை. ஆனால் அறக்கட்டளையின் புது விதிப்படி ஒவ்வொரு வியாழக்கிழமையும் இயக்குநர் நேரில் வந்து, பிள்ளைகள் வாங்கிப்போன ஜோடிகளின் காலி ஆணிகளை எண்ணி, வெர்னாவின் நோட்டில் கையெழுத்துப் போட வேண்டும். ஐந்தேகாலுக்கு வருவான், தொப்பியைக் கையில் பிடித்துக்கொண்டு.

"பன்னெண்டு," என்பான்.

வெர்னா ஸ்கேட்டிலிருந்து தலை தூக்க மாட்டாள்.

"மறுபடி எண்ணு."